பேபி தின்ற கச்சேரிகள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் தனபாக்கியத்துக்கு இன்றுவரை போகவில்லை. யார் வந்து கேட்டாலும் முதலில் தெருக்கதவைச் சாத்துவாள், சாத்தினால் எதையோ மறைக்கிறாள் என்று நினைப்பார்களே என்று உடனே திறப்பாள், திறந்தபின் தம்பூரா முதலில் வந்ததா வயலின் முதலில் வந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிற்பாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், ஒன்று கிடக்க ஒன்று சொல்லி, நாளைக்கு அதை யாராவது பேப்பரில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கையைப் பிசைவாள். அவள் பிசைந்து பிசைந்து சொன்னதை எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்தால் நடந்தது இவ்வளவுதான்: ஒரு மார்கழி மாதத்தில், திருவல்லிக்கேணி ஊறுகாய்க்காரச் சந்தில், அவளுடைய பசுமாடு பேபி, இனிமேல் நடக்கப்போகிற கச்சேரிகளைத் தன் வயிற்றிலிருந்து பாடியது.

மார்கழி பிறந்தால் சென்னையில் வெறும் சுவர் என்று ஒன்று மிச்சமிருக்காது. சபாக்களில் பாட்டு, சர்ச்சில் கேரல், காலேஜ் மைதானத்தில் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கத்துகிற பையன்கள், கல்யாண மண்டபத்தில் பழைய சினிமாப் பாட்டு, ஏசி ஹாலில் கஜல், கடற்கரைப் பக்கம் கானா, பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரர் ஊதுகிற சாக்ஸபோன் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அத்தனைக்கும் போஸ்டர் அடிப்பார்கள். அந்தப் பக்கத்துச் சுவர்களில் முக்கால்வாசிப் போஸ்டரை ஒட்டுகிறவன் தனபாக்கியத்தின் புருஷன் ஏகாம்பரம், ஒட்டுவதற்கான பசையைக் காய்ச்சுகிறவள் தனபாக்கியம். மைதாவைக் கரைத்துக் கொதிக்கவைத்துக் கடைசியில் மயில்துத்தத்தைப் பொடித்துப் போடவேண்டும். அந்த நீலக் கசப்பு இருந்தால்தான் தெருவில் திரிகிற மாடுகள் போஸ்டரில் வாய் வைக்காது. பேபி அந்த வருஷம் கன்று போட்டிருந்தது. பசை வாளியை நக்கி, விஷம் ஏறி, கன்றையும் விட்டுவிட்டுச் செத்துப்போனால் என்ன செய்வது என்று தனபாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் புருஷனிடம் சொல்லாமல் மயில்துத்தத்தை நிறுத்தினாள். நிறம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவானோ என்று பயந்து, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள். அப்புறம் என்ன, ஊர்ச் சுவரெல்லாம் பேபிக்குத் தோசையாகிவிட்டது.

முதல் கச்சேரி ஒரு விடிகாலையில் வந்தது. பால் வாங்குகிறவர்கள் சொம்பும் தூக்குமாக வரிசையில் நிற்க, தனபாக்கியம் மடியைக் கழுவிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் பால் இறங்குவதற்கு முன்னால் வயிற்றில் சுருதி இறங்கியது. ஒரு தம்பூரா, கொஞ்ச நேரம் அது மட்டும், பிறகு வயலினை யாரோ சரிபார்க்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், ஒருவர் இருமுகிற சத்தம், அதன்பின் கனத்த ஆண்குரலில் ஒரு வர்ணம். பேபி தன்பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"எவன் செல்போனையோ முழுங்கிட்டுதுடி," என்றான் ஏகாம்பரம். உடனே தன்னுடைய நம்பருக்குத் தானே பக்கத்து வீட்டு போனிலிருந்து அடித்துப் பார்த்தான். அது அவன் சட்டைப்பையிலேயே அடித்தது. வரிசையில் இருந்தவர்களும் ஆளுக்கு ஒருமுறை தங்கள் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருடைய போனும் இருந்தது.

வரிசையில் முதல் ஆள் சபா செக்ரெட்டரி வரதாச்சாரி. கோபுரத்துக்குப் பக்கத்துச் சபாவில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் குனிந்து பேபியின் விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"சுருதி சுத்தமா இருக்கு," என்றார். "மாடா இருந்தா என்ன, மனுஷாளா இருந்தா என்ன. ஆனா இந்தக் குரல் நம்ம ஞாயித்துக்கிழமை வித்வான் குரல் மாதிரின்னா இருக்கு? இன்னும் கச்சேரியே நடக்கலையே!"

அப்படி அவர் சொல்லி வாய் மூடவில்லை, பேபியின் வயிற்றுக்குள் பாட்டு முடிந்து கைதட்டல் வந்து, அதற்குப் பின்னால் அதே வரதாச்சாரியின் குரல் நன்றி சொல்ல ஆரம்பித்தது. எல்லாருக்கும் நன்றி சொல்லி, "நம்ம சபாவுக்கு ஏசி வாங்கிக் கொடுத்த பெருந்தகை திரு... திரு... திரு..." என்று மூன்று முறை தடுக்கி, பேர் வராமலே மைக்கை யாரோ பிடுங்குகிற சத்தத்தோடு நின்றது. பேபி ஒரு ஏப்பம் விட்டது.

மாட்டின் வயிற்றில் தன் குரல் வந்ததைப் பற்றி வரதாச்சாரி ஒரு வார்த்தை பேசவில்லை. "அவர் பேரை நான் எப்படி மறப்பேன்? எங்காத்துக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவராச்சே!" என்று அதையே சொல்லிக்கொண்டு பால் வாங்காமல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கையில் பேரைப் பேனாவால் எழுதிக்கொண்டுதான் மேடை ஏறினார். வியர்வையில் அது அழிந்துவிட்டது. திரு, திரு, திரு என்று அதே மூன்று முறை தடுக்கி, அதே இடத்தில் மைக் பிடுங்கப்பட்டது. கூட்டத்தில் இருந்த ஊறுகாய்க்காரச் சந்துக்காரர்கள் மட்டும், மாடு சொன்னது சரியாய்ப் போயிற்று என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சந்து அதைப் பழகிக்கொண்டது. தண்ணீர் லாரி வருகிற மாதிரி, கரண்டு போகிற மாதிரி, பேபி பாடுவதும் ஒரு காலை வேலை ஆயிற்று. எந்தப் போஸ்டரைத் தின்றதோ அந்தக் கச்சேரி மறுநாள் காலையில் வரும். முழுப் போஸ்டர் தின்றால் முழுக் கச்சேரி, யாராவது கல்லெறிந்து விரட்டினால் தின்ற வரைக்கும்தான். ஒரு கச்சேரி ஒரு தடவைதான் வரும். அதே போஸ்டரை இன்னொரு சுவரில் தின்றால் அது வெறும் காகிதமாய்ச் செரித்துப் போகும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை, பால்காரி வீட்டில் பால் எப்போது கிடைக்கும் என்று தெரிகிற மாதிரி எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

பாலும் அதற்குத் தகுந்தாற்போல் மாறியது. சபாக் கச்சேரி நாளில் கறந்த பாலில் காபி நெடுநேரம் ஆறாமல் நின்றது. கிட்டார்ப் பையன்களின் போஸ்டரைத் தின்ற அன்று பேபி வாலைச் சுழற்றிய சுழற்சியில் ஏகாம்பரத்தின் கண்ணாடி பறந்தது, பால் அடுப்பில் ஏறுவதற்கு முன்னாலேயே பொங்கியது, உறை ஊற்றினால் தயிராகமாட்டேன் என்றது. எதிர்வீட்டுக் கைருன்னிசா தூக்கைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நேத்து என்னா பாலு குடுத்தே? எங்க மாமனாரு டீ குடிச்சதுலேந்து அழுதுக்கினே இருக்காரு."

"நேத்து கஜல் போஸ்டரு துன்னுச்சும்மா," என்றாள் தனபாக்கியம், குற்றம் செய்தவள் போல.

"அழறாரு, ஆனா சந்தோஷமா அழறாரு. இன்னிக்கும் அதான் வேணும்ன்றாரு. இருக்குதா?"

"இன்னிக்கு பேண்டு வாத்தியம்தான் இருக்குது."

"அய்ய, அது வேணாம். அப்புறம் எழுந்து மார்ச் பண்ணுவாரு, அவருக்கு முட்டி வலி."

சபா கேண்டீன் எடுத்திருந்த காண்டிராக்டர் தினமும் காலையில் வந்து தொழுவத்து வாசலில் குந்திக்கொண்டார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் எழுந்து கேண்டீனுக்கு வருவது இந்த ஊர் வழக்கம். அது எந்தப் பாட்டுக்குப் பின்னால் என்று பேபியிடம் தெரிந்துகொண்டால், வடையை எப்போது எண்ணெயில் போடுவது என்று அவருக்குத் தெரியும். அந்த வருஷத்தைப்போல் சூடான வடையை சபாவில் யாரும் தின்றதில்லை. பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிற ஒருவர் பேபிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரப்போகிற கச்சேரிகளுக்கெல்லாம் விமர்சனம் எழுதிக் கொடுத்துவிட்டுக் குற்றாலத்துக்குப் போய்விட்டார். "இரண்டாவது கீர்த்தனையில் பின்னால் மாடு மாதிரி ஒரு சத்தம் கேட்டது, தவிர்த்திருக்கலாம்" என்றும் எழுதியிருந்தார்.

எதிர்ப்பும் வந்தது. டிக்கெட் விற்கவில்லை என்று ஒரு கூட்டம் வந்து சத்தம்போட்டது. அதே கூட்டம் மறுவாரம் தங்கள் போஸ்டரில் வெல்லம் தடவிக்கொண்டு வந்து, "எங்க ப்ரோக்ராமையும் கொஞ்சம் துன்ன வைங்கம்மா, மாடு பாடினாத்தான் ஜனங்க நம்புறாங்க" என்று நின்றது. ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார்.

"மைக் பர்மிஷன் இருக்காம்மா?"

"மைக்கே இல்லீங்க சார்."

ஏட்டு பேபியைச் சுற்றி வந்து, வாலைத் தூக்கிப் பார்த்து, ஸ்பீக்கரோ வயரோ இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "மைக் இல்லாம பாடறதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்ல. ஆனா கூட்டம் சேர்ந்தா தப்பு," என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் நாதஸ்வரம் எப்போது என்று கேட்டுக்கொண்டு போனார்.

பாடுகிறவர்கள்தான் பாவம். ஒரு வித்வான் தான் இருமப்போவதைப் பேபியிடம் கேட்டுவிட்டு, சித்தரத்தையும் வெந்நீருமாய்க் குடித்துத் தொண்டையைப் பட்டு மாதிரி வைத்திருந்தார். பாட்டின் நடுவே ஒரு கொசு உள்ளே போய், பேபி சொன்ன இடத்திலேயே இருமினார். கிட்டார்ப் பையன் கம்பி அறுவதைக் கேட்டு எல்லாக் கம்பியையும் புதிதாக மாற்றினான், புதுக்கம்பி அறுந்தது. மாடு பாடியது நடந்தே தீரும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள், அதில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. இருமல்தானே, கம்பிதானே.

தனபாக்கியத்துக்கு வருத்தம் வந்தது மகள் போஸ்டரில்தான்.

மகள் சுகந்தி செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணத்திலும் காதுகுத்திலும் இன்னொருத்தர் பாடும்போது ஓரத்து மைக்கில் ஓ போட்டுக்கொண்டே வயதை ஓட்டியவள். அந்த வருஷம்தான் அவளும் நான்கு சிநேகிதிகளும் சேர்ந்து கானாவும் டிரம்மும் கீபோர்டும் கலந்து 'தீப்பெட்டி' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். கார்ப்பரேஷன் மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. நடு மைக் சுகந்திக்கு. ஐந்து பெண்களும் நிற்கிற போஸ்டரை, சந்து முனையில் வெயிலும் மழையும் படாத நல்ல சுவராகப் பார்த்து, ஏகாம்பரம் காசு வாங்காமல் ஒட்டினான். ஒட்டிவிட்டு டீ குடிக்கத் திரும்பினான். பேபி வந்தது. அவன் டம்ளரோடு ஓடிவந்து விரட்டுவதற்குள் மேல்பாதி போய்விட்டது. தேதியும் இடமும் ஐந்து ஜோடிக் கால்களும் மட்டும் சுவரில் நின்றன. முகங்கள் பேபிக்குள் இருந்தன.

மறுநாள் பால் வாங்குகிறவர்கள் வருவதற்கு முன்னாலேயே தனபாக்கியம் மடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டிரம் வந்தது. "வணக்கம் ட்ரிப்ளிக்கேன்!" என்று மகளின் குரல் வந்தது, தனபாக்கியத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பாட்டு போயிற்று, இன்னொரு பாட்டு போயிற்று, மூன்றாவதாகத் தண்ணீர் லாரிப் பாட்டு வந்தது, சுகந்தி தானே கட்டியது.

"கொடம் நவுந்துச்சு, கியூ நவுரல,
கியூ நவுந்துச்சு, கொழா தொறக்கல,
லாரி வந்துச்சு லாரி வந்துச்சு ஓடு ராணி ஓடு..."

அந்த இரண்டாவது ஓடு முடிவதற்குள் டமார் என்று ஒரு சத்தம். இரும்பு விழுந்து, உருண்டு, எதிலோ மோதி, இன்னும் உருண்டது. ஒரு பொம்பளையின் அலறல். பாட்டு நின்றது. ஆயிரம் பேர் ஓ என்று கூச்சல் போடுகிற சத்தம். அவ்வளவுதான். பேபி அசைபோட ஆரம்பித்தது. பின்னால் ஒன்றும் வரவில்லை.

தனபாக்கியம் கறந்த பாலைக் கீழே கொட்டிவிட்டுப் புருஷனை எழுப்பினாள்.

"மேடை சரிஞ்சுபோவுதுய்யா. லைட்டு கம்பம் வுழுது. நம்ம பொண்ணு கத்துது."

"பாதி போஸ்டருதான துன்னுச்சு, அதான் பாதில நின்னுபோச்சு," என்றான் ஏகாம்பரம். ஆனால் எழுந்து உட்கார்ந்துகொண்டான். "கத்துனது சுகந்திதான்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"வேற யாரு கத்துவா?"

சுகந்தியிடம் சொன்னபோது அவள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மாட்ட கேட்டா நான் பாட்டு கத்துக்கினேன்?"

"வேணாம்டி. காய்ச்சல்னு சொல்லிடு. அந்த ஓரத்து மைக்கே நல்லாத்தான இருந்துச்சு? ஓரத்துல இருந்தா ஓடிடலாம்."

சுகந்தி சீப்பைக் கீழே வைத்தாள். "நாலு பொண்ணுங்க என்ன நம்பிக்கினு நிக்குதுங்க. நடு மைக்கு ஒரு வாட்டி கைக்கு வந்துக்குது. மேடை வுழுந்தாலும் நான் அதும்மேலதான் வுழுவேன். போம்மா, போயி பால ஊத்து."

போகாமல் இருக்கமாட்டாள் என்று தெரிந்தது. மாடு பாடியது நடக்காமல் இருக்காது என்பதும் தெரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தனபாக்கியம் மேடை கட்டுகிறவனிடம் போய் முட்டுக்கட்டையை ஆட்டிப் பார்த்தாள். அவன் திட்டினான். லைட்டுக் கம்பத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். வரதாச்சாரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாறாதும்மா," என்றார் அவர், உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே. "என்னைப் பாத்தியோன்னோ. வர வேண்டிய சத்தம் வந்துடறது."

அந்த வாரத்திலேயே சர்ச்சில் கேரல் இருந்தது. அதையும் பேபி முன்னாலேயே பாடியிருந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் டப் என்று துப்பாக்கி வெடிக்கிற சத்தம். சந்தே நடுங்கியது. ஏட்டு நான்கு போலீசைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பாதர் மேடைக்கு எதிரே பெஞ்சுகளை அடுக்கி வைத்தார். பாட்டில் அந்த இடம் நெருங்க நெருங்கக் கூட்டமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டது. தனபாக்கியமும் கைருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு அடியில் இருந்தாள். டப் என்றது. குடிலின் மேலே கட்டியிருந்த சிவப்பு பலூன் ஒன்று, குண்டு பல்பின் சூட்டில் வெடித்துத் தொங்கியது. பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தன.

எல்லாரும் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். தனபாக்கியம் மட்டும் பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தாள். அவளுக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. சத்தம்தான் நடந்தே தீர வேண்டும். அந்தச் சத்தத்தை எது போடுகிறது என்று பேபி சொல்வதில்லை. மேடை போடவேண்டிய சத்தத்தை, மேடைக்கு முன்னால் வேறு ஒன்று போட்டுவிட்டால், மேடைக்கு வேலை இல்லை.

"எந்திரிக்கா, பலூனுதான்," என்றாள் கைருன்னிசா.

"உங்க வூட்ல பெரிய பாத்திரம் இன்னா இருக்குது?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

அன்றிலிருந்து ஊறுகாய்க்காரச் சந்தில் பாத்திரம் விழுகிற சத்தமாக இருந்தது. பால் கேனைப் போட்டுப் பார்த்தாள், அது டங் என்றது. தாம்பாளத்தைப் போட்டாள், அது விழுந்த பிறகும் அழுதுகொண்டே இருந்தது. இட்லிக் கொப்பரைக்குக் கனம் போதவில்லை. கைருன்னிசாவின் புருஷன் கல்யாணங்களுக்கு பிரியாணி போடுகிறவன். அவனுடைய பெரிய அலுமினிய அண்டாவைத் தலைக்குமேலே தூக்கிச் சிமென்ட்டுத் தரையில் போட்டபோது, விழுந்து, உருண்டு, சுவரில் மோதி, இன்னும் உருண்டது. தனபாக்கியத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதேதான்.

"அப்பிடியே கத்தியும் பாருக்கா," என்றாள் கைருன்னிசா. "அலறல்னு சொன்னியே."

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். தும்முகிற மாதிரி ஏதோ வந்தது. இன்னொரு முறை முயன்றாள். கன்றுக்குட்டி திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். பயந்தவள் பயந்தவள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள், வாய்விட்டு ஒருநாளும் கத்தியதில்லை. வந்த பயத்தையெல்லாம் எச்சிலோடு சேர்த்து விழுங்கியே பழக்கம். கைருன்னிசா கிள்ளிப் பார்த்தாள், கரப்பான்பூச்சியைக் காட்டிப் பார்த்தாள், ஒன்றும் பிரயோஜனமில்லை. அண்டா இருக்கிறது, அலறல் இல்லை என்கிற நிலையில் நிகழ்ச்சி நாள் வந்துவிட்டது.

மைதானத்து வாசலில் வாலண்டியர் பையன்கள் மறித்தார்கள்.

"இன்னாம்மா இது, அண்டா?"

"மோரு."

"காலியா கீது?"

"பொண்ணுங்க குடிச்சிட்டாங்க. கழுவி எடுத்துக்கினு வரேன், மறுபடி கலக்கணும்," என்றாள் தனபாக்கியம். வாழ்நாளில் அவள் இவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதில்லை. உள்ளே விட்டுவிட்டார்கள்.

மைதானம் நிரம்பியிருந்தது. பேபி பாதிதான் பாடியது என்பதால், மீதியைக் கேட்க ஊரே டிக்கெட் வாங்கியிருந்தது. முன்வரிசையில் வரதாச்சாரிகூட காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் மேடைக்குக் கீழே, விழுந்தால் பிடிக்கிறவன் மாதிரி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். மேடைக்கு ஏறுகிற இரும்புப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தனபாக்கியம் அண்டாவோடு ஒதுங்கினாள். சுகந்தி நடு மைக்குக்கு வந்தாள். "வணக்கம் ட்ரிப்ளிக்கேன்!" என்றாள். மாட்டுக்குள் கேட்டதைவிடக் குரல் பெரிதாக இருந்தது. ஒரு பாட்டு போயிற்று. இன்னொரு பாட்டு போயிற்று. குடம் நகர்ந்தது, கியூ நகரவில்லை, கியூ நகர்ந்தது, குழாய் திறக்கவில்லை. தனபாக்கியம் படி ஏறினாள். தலைக்குமேலே அண்டாவைத் தூக்கினாள். மகளின் தலைக்குமேலே லைட்டுக் கம்பம் காற்றில் ஒரு விரற்கடை ஆடியதை அவள் பார்த்தாள், அல்லது பார்த்தது போல் இருந்தது.

லாரி வந்துச்சு, லாரி வந்துச்சு, ஓடு ராணி, ஓ...

போட்டாள்.

அண்டா இரும்புப் படியில் விழுந்து, படிபடியாக உருண்டு, ஸ்பீக்கர் பெட்டியில் மோதி, இன்னும் உருண்டது. கம்பத்தைப் பார்த்தபடியே அவள் அலறினாள். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து விழுங்கியதெல்லாம் ஒன்றாக வந்த மாதிரி வந்தது. அலறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அன்றைக்குத் தொழுவத்தில் கேட்டது இந்தக் குரல்தான். பாட்டு நின்றது. ஆயிரம் பேர் ஓ என்றார்கள்.

பேபி தின்றது அந்த இடத்தோடு முடிந்தது. அதற்கு அப்பால் என்ன வரும் என்று மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. சுகந்தி மேடையில் அப்படியே நின்றாள். கம்பம் நின்றது. மேடை நின்றது. ஏகாம்பரம் கையை விரித்தபடி நின்றான்.

அப்போது கூட்டத்தில் ஒருவன் எழுந்து விசிலடித்தான். "செம்ம! தண்ணி லாரிப் பாட்டுக்கு நெஜ அண்டாவே வுட்டாங்கடா!" என்று கத்தினான். மைதானமே கைதட்டியது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று நாற்காலிமேல் ஏறினார்கள். வரதாச்சாரி பஞ்சை எடுத்துவிட்டு, "தாளத்துலதான் விழுந்தது," என்றார்.

வாலண்டியர்கள் அதற்குள் தனபாக்கியத்தை ஒரு கையிலும் அண்டாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். ஏட்டு அங்கே காவலுக்கு நின்றார். உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் மகளின் குரல் வந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அது எங்கம்மாதான். அம்மா! எங்க கீறே? ஒரே ஒரு தபா வந்து போட்டுட்டுப் போம்மா. ஜனங்க கேக்குது!"

"அண்டா! அண்டா!" என்றது மைதானம்.

"கூப்புடறாங்களேம்மா, போங்க," என்றார் ஏட்டு. "நானே தூக்கிக்கினு வரேன்."

தனபாக்கியம் அவரைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். விழவேண்டிய சத்தம் ஒன்று விழுந்தாயிற்று. மீதிப் போஸ்டரைப் பேபி தின்னவில்லை. அதில் இன்னொரு சத்தம் இருந்ததா, இருந்தால் அது எதனுடையது, இல்லாத சத்தத்தை நாமாகப் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அவள் அண்டாவை மெதுவாக, ஒரு ணங் கூட வராமல், மண்ணில் கவிழ்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடம்பின் கனமெல்லாம் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்தாள். உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்து, மைதானம் காலியாகி, சுகந்தி தன் காலில் நடந்து வெளியே வருகிறவரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.